மரச்சாமான் செய்யச் சொல்வதும் ஓர் ஒப்பந்தமே!

கட்டில், அலமாரி, மேசை, ஊஞ்சல் போன்றவற்றைக் கடையில் ஆயத்தமாக வாங்குவோர் உண்டு. தச்சரை அழைத்து, தம் வீட்டின் இடத்துக்கும் தேவைக்கும் ஏற்ப அளவு சொல்லிச் செய்விப்போரும் உண்டு. இரண்டாம் வகையினரிடம் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், நல்ல முகத்தோடு தொடங்கி மனக்கசப்பில் முடியும் கொடுக்கல் வாங்கல்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

“தேக்கு என்று சொன்னார், வேறு மரத்தைச் சேர்த்துவிட்டார்” என்பார் வீட்டுக்காரர். “பாதி வேலையில் அளவை மாற்றினார், முடிந்த பின் கூலியைக் குறைத்தார்” என்பார் தச்சர். இருவருமே பொய்யர் அல்லர். பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டதே இருவரின் பிழை.

தச்சுத் தொழிலின் சிறப்பை முதலில் நினைவில் கொள்ளுங்கள். நூஹ் (அலை) அவர்கள் இறை ஆணைப்படி தம் கரங்களால் கப்பலைக் கட்டினார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் ஆளனுப்பி, அவரிடம் பணிபுரிந்த தச்சரைக் கொண்டு தமக்கு மிம்பர் செய்து தரச் சொன்னார்கள். மதீனாவுக்கு அருகிலிருந்த காட்டின் மரத்தால், மூன்று படிகளோடு அது அமைந்தது. சொல்லிச் செய்விக்கப்பட்ட அந்த மரப்பொருளின் மீதுதான் நம் பெருமானார் நின்று குத்பா ஓதினார்கள். அத்தகைய தொழிலைச் செய்பவரை வாசலில் காத்திருக்க வைத்து, ஏவலாளைப் போல் நடத்துவது முறையாகுமா?

இனி, சட்டத்துக்கு வருவோம். இல்லாத ஒரு பொருளை விற்பது பொதுவாக ஆகாது. செய்யப்படாத கட்டிலுக்கு விலை பேசுவது மட்டும் எப்படிச் செல்லும்? மக்களின் தேவையையும், தொன்றுதொட்டு வரும் வழக்கத்தையும் கருதி, ஹனஃபி இமாம்கள் இதற்கு இடமளித்தனர். ‘இஸ்திஸ்னாஃ’ என்று இதற்குப் பெயர். மரம் தச்சருடையது, உழைப்பும் தச்சருடையது, விலை நம்முடையது என்பது இதன் அமைப்பு. மரத்தின் இனம், தரம், அளவு, வேலைப்பாடு ஆகியவை ஐயமின்றிச் சொல்லப்பட வேண்டும்.

சொன்னபடியே செய்து முடித்த பின், “எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம்” என்று சொல்லலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தில், பொருளைப் பார்த்த பின் ஏற்கவும் மறுக்கவும் சொன்னவருக்கு உரிமை உண்டு. அவருடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, சொன்ன வண்ணமே செய்திருந்தால் மறுக்க உரிமையில்லை என்றார்கள். சற்றே சிந்தியுங்கள். உங்கள் சுவரின் மூலைக்கு அளவெடுத்துச் செய்த அலமாரியை அந்தத் தச்சர் வேறு யாரிடம் விற்பார்? உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூல் ஒரு படி மேலே சென்று, ஒப்பந்தம் முடிந்த பின் இரு தரப்பாரும் பின்வாங்க முடியாது என்றது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இது இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றே தீர்மானித்தது. விலையைத் தவணைகளாகத் தரலாம். ஆனால் பொருள் முடியும் காலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும் என்றும் அத்தீர்மானம் கூறுகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் இதைத் தனி ஒப்பந்தமாக ஏற்பதில்லை. ‘ஸலம்’ எனும் முன்பண வியாபாரத்தின் நிபந்தனைகளுக்கு அது உட்பட வேண்டும் என்பர்; முழு விலையையும் பேசிய அமர்விலேயே கொடுத்துவிடுவது அவற்றுள் ஒன்று. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளாக வாழும் நம்மவர்க்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்; தச்சரைக் கூலிக்கு அமர்த்துங்கள். இது ‘இஜாரா’வாகிவிடும். நான்கு மத்ஹபுகளிலும் தடையில்லை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மரம் உங்களுடையதானால் மிஞ்சும் துண்டும் உங்களுடையதே. அது தச்சருக்கு என்றால், முன்பே மனமுவந்து சொல்லிவிடுங்கள்.

மரத்தை நீங்கள் கொடுப்பதென்றால், கடைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. பாட்டனார் காலத்து வீட்டை இடிக்கும்போது இறங்கும் நிலை, கதவு, உத்தரம், தூண் ஆகியவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அவற்றுள் பல பர்மாத் தேக்கு. 2014 ஏப்ரல் முதல் அந்நாடு வெட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. நீங்கள் தள்ளிவிடும் மரத்தின் அருமையைக் காரைக்குடியில் பழம்பொருட் கடைகள் நிறைந்த தெருவில் சென்று பாருங்கள். பல்லாண்டு காய்ந்து, காற்றோடும் ஈரத்தோடும் பழகிவிட்ட மரம் புதுமரத்தைப் போல் முறுக்கிக் கொள்வதும் வெடிப்பதும் குறைவு. தேக்கின் வைரத்திலுள்ள எண்ணெய்ப் பசை கரையானை எளிதில் அண்டவிடாது.

பிற நாட்டாரும் இதை அறிந்தே வைத்திருக்கின்றனர். நமக்குத் தேக்கு போல் ஆங்கிலேயருக்கு ஓக் மரம். ‘ரெசலூட்’ எனும் பிரிட்டிஷ் கப்பலைப் பிரித்தபோது, அதன் ஓக் மரத்தால் ஒரு மேசை செய்து, 1880-இல் விக்டோரியா அரசியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதன் பின் பல ஜனாதிபதிகள் அம்மேசையில் அமர்ந்து அலுவல் பார்த்திருக்கின்றனர். உடைந்த கப்பலின் மரத்துக்கு அந்த மதிப்பு! செத்த ஆடொன்று கிடக்கக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். பயனுள்ளதை வீணாக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

பழைய மரத்தில் ஏமாற்றுக்கும் இடம் அதிகம். வண்டு துளைத்த இடத்தை மெழுகால் அடைப்பது, ஆணித் துளையை மரத்தூளும் பசையும் கொண்டு மூடுவது, உளுத்த பகுதியை உட்புறமாகத் திருப்பிப் பொருத்துவது, மட்ட மரத்துக்குச் சாயம் பூசிப் பழந்தேக்கு என்பது ஆகியவை நடக்கின்றன. துளையை அடைப்பது குற்றமன்று. அடைத்ததை மறைப்பதே குற்றம். ஈரத் தானியத்தை அடியில் வைத்து மேலே உலர்ந்ததைப் பரப்பிய வணிகரைக் கடைத்தெருவில் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மரவியாபாரிக்கும் தச்சருக்கும் அதே எச்சரிக்கைதான்.

வீட்டுக்காரருக்கும் எச்சரிக்கை உண்டு. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கம் இது. பழைய மரத்தில் வேலை மிகுதி. ஒவ்வோர் ஆணியாகத் தேடிப் பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் இழைப்புளியின் வாய் மழுங்கும். “மரம் என்னுடையதுதானே” என்று கூலியைக் குறைப்பவர், தச்சரின் நாள்களை எண்ணிப் பார்க்கவில்லை. பெண் வீட்டாரிடம் கட்டிலும் பீரோவும் கேட்பது மார்க்கம் காட்டாத வழி. அந்தச் சுமையால் நொந்த தகப்பனார், தம் நெருக்கடியைத் தச்சரின் கூலியில் இறக்குகிறார். அநீதி இவ்வாறு கைமாறுகிறது.

ஆகவே, அன்பு வாசகர்களே! அடுத்த முறை தச்சரை அழைக்கும்போது ஒரு தாளை எடுத்து வையுங்கள். மரம் எது, பழையதா புதியதா, யார் தருவது, நீள அகலம் எவ்வளவு, கூலி என்ன, எந்நாளில் முடியும், மிச்சத் துண்டு யாருக்கு என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அளவை மாற்ற நேர்ந்தால் கூலியையும் மாற்றி எழுதுங்கள். கடனை எழுதி வைக்கும்படி திருமறை பணிக்கிறது. எழுதுவது அவநம்பிக்கையன்று, நட்பைக் காக்கும் வேலி. பொருள் சொன்னபடி அமைந்ததா, மீதியை அன்றே எண்ணிக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வரை நிலைக்கப்போகும் கட்டிலில் ஓர் உழைப்பாளியின் மனக்குறையும் சேர்ந்து நிலைக்க வேண்டாம்.

வாங்குவதிலும் கொடுப்பதிலும் நேர்மையாளர்களாக வாழ எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.