கைகொடுத்த வங்கி கைவிரிக்கலாமா?

வாங்கிய கடனைக் கட்டாதவன் வீட்டுக் கதவை வங்கி தட்டும், அறிவோம். வட்டி பாக்கி வைத்தவன் நகையை ஏலம் போடும், அதையும் அறிவோம். வாங்காத கடனுக்காக ஒருவன் தண்டிக்கப்பட்ட கதை கேட்டதுண்டா, தோழர்களே? அந்தக் கதைதான் இன்று வங்கிகளில் நடக்கிறது!

ஏட்டிலே அதன் பெயர் மிகைப்பற்று. கடைத்தெருவிலே ‘ஓ.டி.’ கணக்கில் இருப்புத் தீர்ந்த பிறகும் இன்ன தொகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கி தருகிற வாக்கு அது. எடுத்த தொகைக்கு, வைத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. இந்த வாக்கை நம்பி வணிகம் நடக்கிறது, வேளாண்மை நடக்கிறது, வாரக்கூலி நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை கணக்கைப் புரட்டிப் பார்க்கிற வங்கி, “நீங்கள் முழுவதும் எடுக்கவில்லையே! ஐந்து இலட்சம் எதற்கு? இரண்டு போதும்” என்று வெட்டிவிடுகிறது. வெட்டிய செய்தி, கொடுத்த செக் திரும்பி வந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு.

“ஓ.டி. வைத்திருப்பவர் தோட்டக்காரர், கடைக்காரர். கூலிக்குப் போகிற நமக்கு இதிலென்ன?” என்று ராசிங்காபுரத்துத் தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை, அவர் ஏறிப் போகிற ஜீப்பிலேயே இருக்கிறது.

ராசிங்காபுரம் உள்ளிட்ட போடி வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எல்லை தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் தாய்மாரும் தங்கைமாரும் போகிறார்கள். ஏலம் என்றால் காய்; ஏலம் என்றால் விற்பனை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற போடியிலே இரண்டும் ஒன்றாகவே சந்திக்கின்றன. ஆனால் காய்க்கும் காசுக்கும் நடுவே எவ்வளவு தொலைவு! பறிக்க வேண்டும், ஸ்டோரில் உலர்த்த வேண்டும், பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான். தரம் பிரிக்க வேண்டும், ஏலத்தில் வைக்க வேண்டும், பணம் வரும் வரை காத்திருக்க வேண்டும். காய் எடுப்பு இல்லாத மாதங்களிலும் கவாத்து உண்டு, உரம் உண்டு, மருந்தடிப்பு உண்டு. காய் பருவத்துக்குப் பணம் தரும். வயிறு வாரா வாரம் கூலி கேட்கும்!

இந்த இடைவெளியை நிரப்புவது எது? பெருந்தோட்டத்துக்காரருக்குச் சொந்தப் பணம் இருக்கும். சிறு தோட்டக்காரருக்கோ மூன்றே வழி. ஒன்று, வங்கி வரம்பு. இரண்டு, வியாபாரியிடம் முன்பணம். காயை அவர் சொன்ன விலைக்குத் தர வேண்டும். மூன்று, கந்துவட்டி. 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் ஒரு வாசலை மூடுகிறது. வரம்பை வெட்டும் வங்கியோ அதே வாசலுக்கு ஆளை அனுப்பி வைக்கிறது! அங்கே கட்டுகிற வட்டி முதலில் எங்கே கை வைக்கும்? நம் கூலியில்தான். “இந்த வாரம் பாதி வாங்கிக்க, மீதி காய் வித்த பிறகு” என்ற சொல் பிறப்பது அங்கேதான்.

“தேவையென்றால் முன்பே எடுத்திருப்பாரே!” என்பார் வங்கி அதிகாரி. ஏலமலையின் ஆண்டுக் கணக்கைப் பார்க்கட்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. காய் கையிலிருந்தவர் அன்று ஓ.டி.யை ஏன் தொடுவார்? அடுத்த ஆண்டே, 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு. ஏலம் நின்றது, எல்லை மூடியது, ஜீப் ஓடவில்லை. மே மாதக் கடைசியில்தான் ஏலம் மீண்டும் தொடங்கியது. பிறகு விலை சரிந்தது. 2022-இல் கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்கூடக் கிட்டாமல் தவித்தார்கள். 2024 கோடையில் வறட்சி வந்து செடியையே காய வைத்தது. 2019 கணக்கைப் பார்த்து, “இவருக்கு வரம்பு தேவையில்லை” என்று வெட்டியிருந்தால், 2020-இல் அவர் கதி என்ன? அவரை நம்பிய பத்துக் குடும்பங்களின் கதி என்ன?

அந்த உரையாடல் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

“வரம்பைக் குறைத்துவிட்டோம்.”

“ஏன் ஐயா?”

“நீங்கள் எடுக்கவில்லை.”

“அப்போது தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறதே!”

“தேவைப்படுகிறதா? அப்படியானால் உங்கள் நிலைமை சரியில்லை. கூட்ட முடியாது!”

தேவையில்லாதபோது, தேவையில்லை என்பதால் இல்லை. தேவையானபோது, தேவைப்படுகிறது என்பதால் இல்லை. எப்போதுதான் உண்டு?

வங்கியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். வரம்பு கொடுத்தால், என்றேனும் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து கேட்கக்கூடும்; அதற்கு வங்கி ஆயத்தமாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் கூடுகிற உலக வங்கிக் கண்காணிப்புக் குழு, 2017 டிசம்பரில் ஒரு விதி வகுத்தது. வங்கி நினைத்தபோது ரத்து செய்யத்தக்க வரம்பானாலும், எடுக்காத தொகையில் நூற்றுக்குப் பத்தைக் கடனாகவே கருதி மூலதனம் ஒதுக்க வேண்டும் என்றது. அதற்கு முன் அத்தகைய வரம்புக்கு ஒதுக்க வேண்டியது சுழியம். ரிசர்வ் வங்கியும் 2018 டிசம்பரில், 150 கோடி ரூபாய்க்குக் குறையாத வரம்புள்ள பெருங்கடனாளிகளின் எடுக்காத தொகைக்கு நூற்றுக்கு இருபது என்று வைத்தது.

சரி, கணக்குப் போடுவோம். எடுக்காத ஐந்து இலட்சத்தில் நூற்றுக்குப் பத்து, 50,000 ரூபாய். அதற்கு நூற்றுக்கு ஒன்பது மூலதனம், 4,500 ரூபாய். ஒரு சிறு தோட்டக்காரருக்காக வங்கி சுமக்கிற பாரம் இவ்வளவுதான்! இந்த 4,500-ஐ மிச்சம் பிடிக்கவா ஒரு பருவத்துக் கூலியைப் பணயம் வைப்பது?

ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கிடக்கிறது. யாரும் மடையைத் திறக்கவில்லை. ‘இந்தத் தண்ணீர் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது’ என்று கரையை வெட்டிவிடுவானா உழவன்? எடுக்காத வரம்பு வீண் அல்ல, தோழர்களே. கோடைக்கு நிற்கிற தண்ணீர் அது.

இந்த வெட்டு நம் ஊரோடு நிற்கிற வழக்கமும் அன்று. 2008-இல் அமெரிக்காவில் வீட்டு விலை விழுந்ததும், வீட்டை ஈடாக வைத்துப் பெற்றிருந்த கடன் வரம்புகளை அங்குள்ள பெரிய வங்கிகள் முடக்கின. தவணை தவறாதவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். நெருக்கடி வந்தால் வங்கி தன்னைக் காத்துக்கொள்ளும். நம்மைக் காக்க விதி வேண்டும்.

1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. எதற்காக? உழவனுக்கும் சிறு தொழிலாளிக்கும் வங்கியின் கதவு திறக்க வேண்டும் என்றுதானே! ஜன்தன் கணக்குக்கும் ஓ.டி. உண்டு என்றார்கள், 2018-இல் அதன் உச்சவரம்பைப் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். கொடுப்பதாகச் சொன்னதைக் கொட்டு முழக்கி அறிவிக்கிறவர்கள், எடுப்பதை மட்டும் ஓசையின்றிச் செய்வது என்ன முறை?

ஆகவே கேட்கிறோம். வரம்பைக் குறைக்குமுன் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது தமிழில் வேண்டும். காரணம் எழுத்தில் வேண்டும். மலைப்பயிர்க்காரரின் கணக்கை ஓராண்டு கொண்டு அளக்காமல், நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் சேர்த்து ஐந்தாண்டு கொண்டு அளக்க வேண்டும். காய் எடுப்புப் பருவத்தின் நடுவே வெட்டக் கூடாது.

2003-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நேர்மை விதிகள், நிபந்தனையை மாற்றினால் கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. சொல்லாமல் வெட்டினால் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் விடை வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கிளைத் தோழர்கள், எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள்.

தோட்டக்காரரிடம் கூலி உயர்வு கேட்டு வாதாடுவோம். அது வேறு வழக்கு. ஆனால் அவர் கையில் கூலிப் பணமே இல்லாமல் செய்கிற வங்கியிடம் இன்று வாதாட வேண்டியவர்களும் நாமே. வங்கியில் கிடப்பது மக்கள் பணம். அந்த மக்களுக்குக் கொடுத்த வாக்கை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பப் பெறுகிற உரிமை எந்த வங்கிக்கும் இல்லை!