திரைப் பக்கம்: விந்தைப் படங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சங்கத்து இளைஞர் சிலர் இம்மாதம் ஒரு வினாவை விடுத்துள்ளனர். தமிழில் விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று சொல்லத்தக்கது உண்டா, வழக்கமான பாதையினின்று விலகிய படங்களுள் எவற்றைப் பார்க்கலாம் என்பது அவர்கள் கேள்வி. விமர்சகனாக அன்றி, கொட்டகையிலே பெரும்பொழுதைக் கழித்த ரசிகனாகவே விடை கூறுகிறேன். உடன்படாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலில், அத்தகைய படங்கள் நமக்குப் புதியவை அல்ல. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் கூடி எடுத்த 'காடு' படத்திலே, என்றோ அழிந்தொழிந்த ரோம யானைகள் இந்தியக் காட்டில் மீண்டும் தோன்றின. வளர்ப்பு யானைகளுக்கே ரோமம் போர்த்தி நடக்க விட்டார்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்துச் சென்றதை அறிந்த நம் இடுக்கி வாசகர்கள், அப்படத்து யானைகளைக் கண்டு அஞ்சுவார்கள் என்று நான் நம்பவில்லை!

அடுத்து, 1963 ஏப்ரலில் வெளிவந்த 'கலை அரசி'. பாலக்காட்டு வடவன்னூரைத் தாய்வீடாகக் கொண்ட சத்தியபாமா அம்மையாரின் புதல்வர் எம்.ஜி.ஆர். அதன் கதாநாயகர். விஞ்ஞானத்தில் முன்னேறியும் இசையில் பின்தங்கிய வேற்றுலகத்தார், பாடகியான பானுமதியைப் பூமியிலிருந்து கவர்ந்து செல்கின்றனர். அதே ஆண்டு நவம்பரில்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணை நோக்கிப் புறப்பட்டது என்பதை நினைத்தால், அக்கற்பனையின் துணிவு விளங்கும். ஆயினும் அந்த வேற்றுலகம் என் கண்ணுக்கு ராஜா ராணிக் கதையின் அரண்மனையாகவே தோன்றுகிறது.

இவ்வகைப் படங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கதையில் ஒரு விந்தை இருக்கலாம். அதை ஒப்புக்கொண்டபின், மற்றவை யாவும் நியாயமாக நடக்க வேண்டும். 2015-இல் வந்த 'நேற்று இன்று நாளை' இதில் தேறுகிறது. காலப்பயண எந்திரம் கையில் அகப்பட்டதும், அதைக்கொண்டு ஜோசியம் சொல்லிப் பிழைக்கப் பார்க்கிறார்கள் இரு நண்பர்கள். நம்மவர் அப்படித்தான் செய்வார்கள்! அதிலே நேர்ந்த சிறு பிசகு பெரும் வினையாக விளைவதும் பொருத்தமே. 2010-இன் 'எந்திரன்' பிரம்மாண்டமானதுதான். ஆனால், உணர்ச்சி பெற்ற எந்திரத்துக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற நல்ல கேள்வியை, பிற்பகுதியின் போர்க்காட்சிகள் விழுங்கிவிட்டன.

மாறுபட்ட படத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை என்பதற்கு வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' சான்று. 1954-இலேயே பாட்டும் ஆட்டமும் சண்டையும் இன்றி, ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாகக் கூறியது அது.

நிற்க. எல்லையில் வாழும் நமக்கென்றே அமைந்த இரு படங்களைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, லெனின் பாரதி இயக்கி 2018-இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே ஏலக்காய் மூட்டை சுமப்பவன், ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். முடிவில், காற்றாலைக்குக் காவலாளாக அந்த மண்ணிலேயே நிற்கிறான். உடும்பன்சோலையிலும் பீர்மேட்டிலும் இதைப் பார்ப்பவர்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மற்றொன்று, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, மறுமாதம் திரைக்கு வந்தது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஒருவர், பேருந்தில் உறங்கி விழித்ததும் இறங்கித் தமிழ்க் கிராமமொன்றில் நுழைகிறார். காணாமற்போன சுந்தரமாகவே மாறித் தமிழ் பேசுகிறார். உடன்வந்த குடும்பமோ திகைத்து நிற்கிறது. மம்முட்டியின் நடிப்பில் மிகையே இல்லை.

இதைப் பிறர் விந்தை என்பர். சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் உள்ள நம் பிள்ளைகளில் பலருக்கு இது அன்றாடம். காலையில் பள்ளி வாயிலில் ஒரு மொழியாகின்றனர்; மாலையில் வீட்டுத் திண்ணையில் வேறு மொழியாகின்றனர். இவர்களுள் எவர் மெய், எவர் வேடம் என்று கேட்பது முறையன்று, இருவரும் மெய்யே. அதைப் பிள்ளைகளிடம் நாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? தமிழ் பேசினால் வகுப்பில் நகைப்பார்களென்று சில குழந்தைகள் வாய்மூடியிருப்பதைப் பெற்றோர் அறிவர். தமிழெழுத்து படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இப்படம் விளங்கும். பேச வேண்டியதை அதன்பின் பேசலாம்.

ஆகவே, ஒரு விடுமுறை நாளில் இவ்விரு படங்களையும் குடும்பத்தோடு பாருங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள், எந்த மொழியில் சொல்கிறார்கள் என்று சற்றுக் கேளுங்கள்.