பலூன் கொட்டகையும் லட்ச ரூபாய்ப் பங்கும்

திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டு ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்தார்கள். குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்தான். செய்தவர் மாம்மன் மாப்பிள்ளை. அந்தத் தொழில் வளர்ந்து டயர் தொழிற்சாலை ஆயிற்று. அதுதான் எம்.ஆர்.எப். 1961-ல் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றார்கள். ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். 2023 ஜூன் மாதம் அந்தப் பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது!

அந்தத் தொழிற்சாலை வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் "பங்கு" என்றால் என்ன என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

சொல்வது கடினம் அல்ல. காசிமேட்டுக்கு அழைத்துப் போனால் போதும். படகு கரைக்கு வருகிறது. மீன் ஏலம் போகிறது. டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் படகின் சொந்தக்காரரும் கடலுக்குப் போனவர்களும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். வலை நிறைந்தால் பங்கு உண்டு. வெறும் வலை வந்தால் செலவுதான் மிச்சம். கம்பெனிப் பங்கும் அப்படியே.

லட்ச ரூபாய் என்றதும் மலைத்துவிடக் கூடாது. எம்.ஆர்.எப். பங்குகள் மொத்தம் சுமார் 42 லட்சம்தான். கோடிக்கணக்கில் பங்குகள் உள்ள கம்பெனியில் ஒரு பங்கு 500 ரூபாய்க்கு விற்கலாம். ஆனாலும் அது இதைவிடப் பெரிய கம்பெனியாக இருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கு இது!

ஜெயித்த கதையை மட்டும் சொன்னால் அது பாடம் ஆகாது. லாட்டரிச் சீட்டு விளம்பரம் ஆகிவிடும். பெரம்பூர் பின்னி மில்லையும் சொல்ல வேண்டும். பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட மில் அது. 1996-ல் மூடப்பட்டது. அதுவும் வடசென்னைதான். இருக்கிற பணம் முழுவதையும் ஒரே இடத்தில் ஏன் போடக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்?

வட்டிக் கணக்கும் வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டு வட்டியில் போட்ட பணம் இரட்டிப்பாக ஒன்பது ஆண்டுகள் ஆகும். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கினால், பத்தே மாதத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும்!

அதே வட்டியைத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால்? "அந்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்க வேண்டும். 2022-ல் வெளிவந்த ஆருத்ரா வழக்கில், சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாய் கட்டியதாகப் போலீசார் கூறினார்கள். கட்டியவர்களில் படித்தவர்களும் உண்டு. டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வருவது பணம் போன பிறகு. கேள்வி வருவது அதற்கு முன்னால்.

பங்கு வாங்க 18 வயது வரை பெற்றோர் துணை வேண்டும். தபால் நிலையச் சேமிப்புக் கணக்குக்கோ பத்து வயது போதும். பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கலாம். தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். பாஸ் புத்தகத்தில் முதல் வட்டி ஏறும் நாளில், அது எப்படி வந்தது என்று பிள்ளையையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.