நான்கு நாள் கடை விடுமுறை

"ஊர்க் கொடை விழாவை முன்னிட்டு திங்கள் முதல் வியாழன் வரை கடை விடுமுறை."

பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஷட்டர் பூட்டில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட இந்த அட்டையைச் சென்னையில் பார்க்காதவர் இருக்க மாட்டார். சித்திரை, ஆடி, ஆவணி, பங்குனி என்று மாதம் மாறும், வாசகம் மாறாது. காலையில் பால் பாக்கெட் வாங்க வரும் அம்மாள் அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி ஊருக்குப் போயிட்டாரா?" என்று அலுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பார்.

இந்த அட்டை இப்போது குறைந்து வருகிறது. அதைப் பற்றித்தான் நம் உறுப்பினர்களிடம் மனம் விட்டுப் பேச விரும்புகிறோம். ஜி.எஸ்.டி., உரிமக் கட்டணம், எடை முத்திரை என்று எழுதும் பக்கத்தில் கொடையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். ஒருவன் எதற்காகக் கடை நடத்துகிறான் என்பதும் வியாபார விஷயந்தான்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பிறக்காத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. கொடை என்பது அம்மன், சுடலைமாடன் போன்ற ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழா. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை விழும். எட்டு நாளுக்கு முன் கால் நாட்டுவார்கள். திங்கள் இரவு குடி அழைப்பு. செவ்வாய் பகலில் பெண்கள் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கல் இடுவார்கள். ஓலைப் புகையில் யார் முகமும் தெரியாது, குரலை வைத்துத்தான் அடையாளம். வில்லுப்பாட்டு ஒரு பக்கம், நையாண்டி மேளம் ஒரு பக்கம். நள்ளிரவில் சாமக்கொடை. சாமியாடி வேட்டை முடிந்து வரும் வரையில் கோயில் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருப்போம். புதன்கிழமை கிடாக் கறியும் சோறும். மஞ்சள் நீராட்டு முடிந்தால் வியாழக்கிழமை மிச்சம். அன்று ஊரில் யாருக்கும் ஒரு வேலையும் இருக்காது. நம்மைக் கேட்டால், கொடையின் சிறந்த நாள் அந்த வியாழன்தான் என்போம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும் நாள் அது. நாம் சென்னையில் முதலாளி, அங்கே "மொட்டை".

நாம் ஊரை விட்டு வந்தது எழுபதுகளின் கடைசியில். கூடவே வந்தவன் நம் பக்கத்து வீட்டுக் கூட்டாளி. ஒரே மஞ்சள் பையில் இரண்டு பேருடைய துணி. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் இரண்டு பேரும் பையன்களாகச் சேர்ந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பலகை எடுத்து வைத்தால் இரவு பதினொன்றுக்குத்தான் பலகை போடுவது. மொச்சை மூட்டையின் மேல் அவன் படுப்பான், துவரம்பருப்பு மூட்டையின் மேல் நாம். கொத்தவால் சாவடிக்குச் சைக்கிளில் போய்ச் சரக்கு எடுத்து வருவதில் யார் அதிக எடை கட்டுவது என்று பந்தயம். (காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது, அந்தச் சைக்கிள் பாரத்தின் வலி நம் முதுகை விட்டுப் போகவில்லை.) சம்பளத்தை முதலாளி ஊருக்கே அனுப்பிவிடுவார். நம் கைக்கு வருவது கொடைக்குப் போகும்போது தரும் புதுச் சட்டையும் பஸ் செலவும். அந்த நான்கு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மூட்டை தூக்கினோம் என்று சொன்னால் மிகையல்ல.

பிறகு ஆளுக்கொரு கடை ஆயிற்று. அவனுக்கு வில்லிவாக்கம், நமக்குத் தாம்பரம் பக்கம். ஒரே நகரத்தில் இருந்துகொண்டே ஆண்டுக்கு நான்கு முறை பார்த்தால் அதிகம். துக்க வீட்டில் பார்ப்போம். கல்யாணத்தில் மொய் எழுதும் வரிசையில் நின்று சர்க்கரை விலை பேசுவோம். உட்கார்ந்து பேசுவது கொடையில் மட்டுந்தான்.

ஆறு ஆண்டுகளாக அதுவும் இல்லை. அவன் கடைக்கு எதிரே பெரிய கடை ஒன்று வந்தது. வாடகை ஏறியது. "நான் மட்டும் ஒரு ராத்திரி வந்துட்டுப் போறேம்லே" என்றான். செவ்வாய் இரவு பஸ்ஸில் இறங்குவான்; சாமக்கொடை பார்ப்பான்; திருநீறு வாங்கிக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவான். மனைவியும் பிள்ளைகளும் கடையில். போன கொடைக்குக் கல்லூரியில் படிக்கும் மகனை மட்டும் அனுப்பிவைத்தான். அந்தப் பையன் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, பெரியப்பா வீடு எது என்று கைப்பேசியில் தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பா அவனுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பையனைத் தெரியவில்லை. நாம்தான் இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைத்தோம்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டாளியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் பயம் நம் எல்லாருக்கும் உள்ள பயம். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் கடை முழுதும் மூடியிருக்க வேண்டும் என்றது. 2019-இல் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகளை ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்துவைக்கத் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. இப்போது கைப்பேசியில் தட்டினால் பத்து நிமிடத்தில் அரைக் கிலோ ரவை வாசலுக்கு வருகிறது. இந்த நிலையில் நான்கு நாள் பூட்டினால் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா?

கணக்குப் பார்ப்போம், நமக்குக் கைவந்தது அதுதானே. தினம் 20,000 ரூபாய் ஓடும் கடையில் நான்கு நாளைக்கு 80,000 விற்பனை நிற்கும். நூற்றுக்கு எட்டு என்று லாபம் வைத்தால் 6,400 ரூபாய். வாடகையும் கரண்டும் நின்றாலும் ஓடும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மாதச் சாமான் வாங்குகிறவர், முன்கூட்டிச் சொன்னால், கிளம்பும் முன்போ திரும்பிய பின்போ நம்மிடமே வாங்குகிறார். உண்மையில் கை நழுவுவது பால், ரொட்டி, தக்காளி, வெற்றிலைபாக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடையைப் பூட்டிக் கொடைக்குப் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறோம்: கொடையால் நாம் இழந்த வாடிக்கை என்று ஒன்றும் நினைவில் இல்லை. இழந்ததெல்லாம் எடையிலும் வாயிலும் இழந்தது.

பூட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே அட்டையைத் தொங்கவிட வேண்டும். வெள்ளிக்கிழமையோடு தக்காளி, முட்டைக் கொள்முதலை நிறுத்த வேண்டும். பால்காரருக்கும் ரொட்டிக்காரருக்கும் நேரில் சொல்ல வேண்டும். குளிர்ப்பெட்டியைக் காலி செய்து துடைத்துத் திறந்துவைக்க வேண்டும். எலிக்கு வழி இல்லாமல் மூட்டைகளைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட வேண்டும். ரயிலுக்கு இப்போது 60 நாள் முன்னால்தான் பதிவு; கொடைத் தேதி குறித்த அன்றே நாட்காட்டியில் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு, சாவி. நம் கடைச் சாவி பக்கத்துக் கடைப் பாயிடம் இருக்கும். வளையல், ரிப்பன், பொம்மை விற்கிறார். இருபது ஆண்டுப் பழக்கம். சில்லறை இல்லையென்றால் பரஸ்பரம் கல்லாவில் கை விடும் அளவுக்கு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவர் போகும்போது அவர் கடைக்கு நாம் ஆள். ரம்ஜான் அன்று முழு நாளும் அவர் ஷட்டர் மேல் நமக்கு ஒரு கண். "கவலப்படாமப் போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று அவர் சொன்னால், நாம் கவலைப்படுவதில்லை. ஊரிலிருந்து திரும்பும்போது அவர் வீட்டுக்குக் கருப்பட்டியும் பனங்கிழங்கும், அது கிடைக்கும் காலமானால், தவறாமல் வரும். இப்படி ஒரு பாய் அமையாத கடைக்காரர் நான்கு நாள் பூட்டத் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது; அமைத்துக்கொள்ளாதது யார் தவறு என்பது வேறு விஷயம்.

நம் தெருவில் ஐந்து மளிகைக் கடை. ஐந்து பேருக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு வாரத்தில் கொடை. ஐந்தும் ஒரே நாளில் மூடுவதே இல்லை. ஆகவே நாம் அட்டையில் கீழே ஒரு வரி சேர்த்தோம்: "அவசரத் தேவைக்கு எதிர்க்கடை அண்ணாச்சியிடம் வாங்கிக்கொள்ளவும்." முதல் ஆண்டு எதிர்க்கடைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் அவர் கொடைக்குப் போனபோது அவர் அட்டையிலும் நம் கடைப் பெயர் இருந்தது. கடன் வைத்திருக்கும் வாடிக்கைக்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். சங்கம் தீர்மானம் போட்டு இதைச் செய்ய முடியாது. தெருவுக்குத் தெரு நாம் பேசிக்கொண்டால் முடியும். மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை அடைத்து மாநாட்டுப் பந்தலில் உட்காரத் தெரிந்த நமக்கு, சொந்த ஊர்த் திண்ணையில் உட்கார ஏன் தெரியாது?

வீட்டுப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய கடையில் கல்லாவில் பாதி நேரம் இருப்பது அவர்கள்தான். கொடைதான் அவர்களுக்கு அக்கா தங்கைகளோடு ஒரே அடுப்பைச் சுற்றி உட்காரக் கிடைக்கும் நாள். 2020-இல் ஊரடங்கின்போது மளிகைக் கடைகள் மதியத்தோடு மூடின. பயமும் துக்கமும் நிறைந்த காலம் அது; அந்த ஆண்டு நம் ஊரில் கொடையும் இல்லை. ஆனாலும் பகல் சோற்றை எல்லாரும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். நம் இளைய மகள், "அப்பா, உங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது வயது பதினாறு.

கடைப் பையன்களில் இப்போது பலர் பீகார்க்காரர்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை என்று அவர்கள் விடுப்புக் கேட்கும்போது முகம் சுளிக்கிற முதலாளிகளைப் பார்க்கிறோம். கொடைக்குப் புதுச் சட்டையோடு பஸ் ஏறியவர்கள் அப்படிச் சுளிக்கலாமா?

கடன் கழுத்தை நெரிக்கிற உறுப்பினர்களிடம் நான்கு நாள் பூட்டு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் இரண்டு நாள் பூட்டட்டும், பிள்ளைகளோடு போகட்டும். கொடை வரியை ஏற்றிக்கொண்டே போவதும், வாணவேடிக்கையில் பக்கத்து ஊரோடு போட்டி போடுவதும் இப்படிப்பட்டவர்களைத்தான் ஊருக்கு வரவிடாமல் செய்கின்றன. விழாக் கமிட்டியில் இருக்கும் நம் ஆட்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் அடுத்த கொடை ஆடி மாதம். பதிவு தொடங்கிய அன்று காலை ஏழரை மணிக்குக் கூட்டாளி போனில் வந்தான்.

"ஏலே, நெல்லை எக்ஸ்பிரஸ்ல எங்களுக்கும் சேத்துப் போடு. நாலு பேர்."

"திரும்புறது என்னைக்கி? புதன்கிழமையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ அரைக் கிலோ உளுந்து கேட்கும் சத்தம்.

"வியாழக்கிழம ராத்திரி வண்டிக்கே போடு."

அட்டையை எழுதி வைத்துவிட்டோம். கணினியில் அழகாக அச்சடித்துத் தருகிறேன் என்றான் மகன். வேண்டாம் என்று சொல்லி, பிஸ்கட் பெட்டியையே கிழித்தோம்.