ஒத்தை ஆளுக்கு ரெட்டைக் கட்டணமா? சொகுசுக் கப்பலின் விசித்திரக் கணக்கு!

ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷம். பையன் வெளியூரில். பென்ஷனில் மிச்சம் பிடித்த பணத்தில், கடலில் நாலு நாள் போய் வரவேண்டும் என்று ஓர் ஆசை. பேப்பரில் சொகுசுக் கப்பல் விளம்பரம்: 'ஆளுக்கு ரூ.40 ஆயிரம் மட்டுமே!'

டிராவல்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே பையன் கேட்கிறான்:

"கூட யாரும்மா வர்றாங்க?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டும்தான்."

"அப்ப 75 ஆயிரம் ஆகும்மா."

"ஏம்ப்பா, 40-ன்னுதானே போட்டிருக்கு?"

"அது ரெண்டு பேர் சேர்ந்து வந்தாம்மா!"

விளம்பரத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால், அடியில் எறும்பு எழுத்தில் அந்த விஷயம் இருக்கிறது. 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு.' டீச்சரம்மா பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

அம்மாவும் தொகையும் உதாரணத்துக்குத்தான். ஆனால் இந்த வசூல் முறை உலகம் பூராவும் நடப்பது. இதற்கு 'சிங்கிள் சப்ளிமெண்ட்' என்று பெயர். சில கப்பல்களில் பாதி கூடுதல். பல கப்பல்களில் முழுசாக இன்னொரு ஆள் பணம்! வராத ஆளுக்கு, சாப்பிடாத ஆளுக்கு, படுக்காத ஆளுக்குப் பணம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்ட பிறகு இது மேல்நாட்டுக்காரர் கவலை மட்டும் அல்ல, மயிலாப்பூர், மாம்பலம்காரர்களுக்கும் வந்துவிட்ட கவலை.

கம்பெனி சொல்லும் காரணம்

கம்பெனிக்காரர்களையும் கேட்கத்தான் வேண்டும். கப்பலில் அறைகள் இத்தனைதான் என்று கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. இரண்டு பேர் படுக்கும் அறையில் ஒருவர் படுத்தால் ஒரு படுக்கை காலி. கப்பல் கிளம்பிய பிறகு அதை விற்க முடியாது. இதுவரை நியாயம்.

ஆனால் உள்கணக்கு வேறு. சொகுசுக் கப்பலுக்கு லாபம் டிக்கெட்டில் மட்டும் இல்லை. ஏறிய பிறகு குடிக்கிற பானம், ஆடுகிற சூதாட்டம், மசாஜ், போட்டோ, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர் இவற்றிலெல்லாம் காசு கொட்டுகிறது. ஒரு ஆள் குறைந்தால் அந்த வரும்படியும் குறையும். அதையும் சேர்த்துத்தான் தனி ஆளின் தலையில் கட்டுகிறார்கள். சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத டீச்சரம்மா, வராத ஆசாமி சூதாடாததற்கும் தண்டம் அழவேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம்?

அதே துறைமுகம், வேறு நியாயம்

இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் போகும் கப்பலைப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். பங்க் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் கணக்கு ஒரே கணக்குதான்: ஆளுக்கு ஒரு படுக்கை, ஒரு படுக்கைக்கு ஒரு கட்டணம். கேபினில் பக்கத்துப் படுக்கைக்கு முன்பின் தெரியாதவர் வருவார். மூன்றாம் நாள் இறங்கும்போது ஊறுகாய் பாட்டில் கைமாறியிருக்கும்.

பழைய ஆட்களுக்கு ரஜூலா கப்பல் ஞாபகம் இருக்கும். 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை ஓடியது. அதன் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 தீ விபத்தோடு ஓய்ந்தது. பிழைப்புத் தேடித் தன்னந்தனியாகப் போன எத்தனையோ பேர் ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். "உன்கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்டு எவரும் இரண்டு டிக்கெட் கிழிக்கவில்லை.

ரயிலிலும் அப்படித்தான். முதல் வகுப்பில் இரண்டு பெர்த் உள்ள கூப்பே கிடைத்தாலும், ஒருவர் கட்டுவது ஒரு பெர்த் பணம்தான். மற்ற பெர்த்தில் யாரைப் போடுவது என்பது ரயில்வேயின் பாடு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஆண்டாண்டு காலமாகக் கட்டில் கணக்கில் வாடகை வாங்கிப் பிழைக்கவில்லையா?

ரயிலில் ஆர்.ஏ.சி. என்று ஒரு கூத்து உண்டு. முழு டிக்கெட் பணம் கட்டிய இரண்டு பேர், ஒரே பெர்த்தில் முட்டியை மடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து போகவேண்டும். சொகுசுக் கப்பலில் ஒரே ஆள் இரண்டு பெர்த் பணம் கட்டவேண்டும். பாசஞ்சர் ஜாதகமே அப்படித்தான் போலிருக்கிறது!

குறட்டை, பூட்டு, பயம்

அப்படியானால் முன்பின் தெரியாதவரோடு அறையைப் பங்கு போடலாமே என்றால், அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. குறட்டை ஒரு பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடுகிறவர் ஒரு பக்கம். நகை, பணத்தை எங்கே வைப்பது? ரயிலில் பத்துப் பேர் கண் முன்னால் தூங்குகிறோம். கப்பல் கேபின் அப்படி அல்ல, தாழ்ப்பாள் போட்ட அறை. தனியாகப் போகிற பெண்களுக்கு இந்த யோசனை நியாயமாகவே வரும். நம் ஊர் லாட்ஜுகளில் தனியாகப் பெண் வந்தால் "ரூம் இல்லை" என்று சொல்லி அனுப்பிய கதை ஊரறிந்தது. கடலில் ரூம் இருக்கிறது, விலைதான் இரண்டு மடங்கு!

அதனால்தான் பங்கு போடும் ஏற்பாட்டைக் கம்பெனியே பொறுப்பேற்றுச் செய்யவேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வயது, புகை பிடிக்கும் பழக்கம், தூங்கும் நேரம் எல்லாம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். கட்டாயம் வேண்டாம், விரும்பினவர்களுக்கு மட்டும் போதும். ஜோடி கிடைக்காவிட்டால் அந்தப் பயணிக்குப் பங்கு விலையிலேயே அறையைக் கொடுப்பது என்று மேல்நாட்டுக் கம்பெனிகள் சில முன்பு நடத்திக் காட்டியதுதான் இது.

வேறு வழியும் உண்டு. 2010-ல் கடலுக்கு வந்த நார்வீஜியன் எபிக் என்ற கப்பலில், ஒருவர் மட்டும் தங்க 128 சின்ன அறைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. கடல் பார்க்கும் ஜன்னல் கிடையாது. ஆனால் தனி ஆட்கள் கூடிப் பேச ஒரு ஹால் உண்டு. குயின் மேரி 2 கப்பலில் 2016-ல் பழுது பார்த்தபோது 15 ஒற்றை அறைகளைச் சேர்த்தார்கள். தனி ஆள் வியாபாரத்துக்கு ஆகாதவர் என்றால், கெட்டிக்காரக் கம்பெனிகள் இப்படிச் செலவழிக்குமா?

நம் பக்கத்துக்கு அவ்வளவு கூட வேண்டாம். முதலில் விளம்பரத்தை ஒழுங்காகப் போடட்டும். ரயில்வே டூர் பேக்கேஜ்களில் ஒருவர், இருவர், மூவர் தங்கினால் எவ்வளவு என்று விலையைத் தனித்தனியாக அச்சடிக்கிறார்கள். அங்கேயும் ஒற்றை ஆள் விலை உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு போகலாம், கவுண்டரில் நின்று முகம் சுருங்கவேண்டாம். கப்பல் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது காலியாகக் கிடக்கும் அறைகளையாவது கூடுதல் கட்டணம் இல்லாமல் தனி ஆளுக்குக் கொடுத்தால் என்ன குடி முழுகிப் போகும்?

அதுவரைக்கும் தனியாகப் போகிறவர்கள் பில்லை வரிவரியாகப் படித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாவது ஆள் பணம் என்பது அறைக் கட்டணத்துக்கு மட்டும்தான் இருக்கவேண்டும். துறைமுகக் கட்டணம் தலைக்கணக்கு. சிப்பந்திகளுக்கான டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால் அதுவும் அப்படியே. ஏறாத ஆளின் தலைக்கு அவற்றையும் போட்டிருந்தால், "இது யார் தலைப்பா?" என்று கவுண்டரிலேயே கேட்டுவிட வேண்டும்.

டீச்சரம்மாவும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்கிறார்:

"தம்பி, அந்தமான் கப்பல்ல ஒரு பெர்த்துக்கு எவ்வளவு?"