நாய்களும் வேலையாட்களும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு லிஃப்ட்கள் இருக்கின்றன. ஒன்றில் கண்ணாடியும் மின்விசிறியும் உண்டு. இன்னொன்றில் சுவர் முழுக்கப் பலகை அடித்திருப்பார்கள். குப்பை வாளி, கேஸ் சிலிண்டர், வீடு மாற்றுபவர்களின் பீரோ எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு கண்ணாடி லிஃப்டின் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை முளைத்தது: "வீட்டு வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், நாய்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்தவும்."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் நாய்க்காக வந்த கோபம். அந்த வரியில் நாய்க்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்த மனிதர்களை அன்று நான் வாசிக்கவே இல்லை. கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. நாய் வளர்க்கும் பெண்கள், விலங்குகளை நேசிக்கும் பெண்கள், பெண்ணியம் பேசும் பெண்கள் என எல்லோருக்குமாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் இவர்கள் மூவருமாக இருந்துகொண்டுதான் அதை வாசிக்கத் தவறினேன்.

மிளகு ஒரு நாட்டு நாய். மழைக்காலத்தில் பார்க்கிங்கில் ஒரு காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. விவாகரத்துக்குப் பிறகு சென்னையில் நான் தனியாக எடுத்த வாடகை வீட்டின் நான்காவது மாடியில் இப்போது நாங்கள் இருவரும் இருக்கிறோம். மாடியில் நாய் வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. காலை ஒரு நடை, இரவு ஒரு நடை. வருடாவருடம் ரேபிஸ் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம், கருத்தடை அறுவை சிகிச்சை. வெளியே போகும்போது கழுத்துப்பட்டையும் கயிறும், அவள் கழிப்பதை அள்ள என் கையில் பழைய பேப்பரும். ஓடித் திரிய முற்றம் இல்லாத நாய்க்கு நடைதான் முற்றம். அதைக் கொடுக்காவிட்டால் குரைக்கும், கதவைப் பிறாண்டும்.

முதல் புகார் குரைப்பைப் பற்றித்தான் வந்தது. நியாயமான புகார். நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவள் குரைத்திருக்கிறாள். காலை நடையை நீட்டினேன். என் வீட்டில் வேலை செய்யும் அக்கா மதியம் வந்து அவளை ஒரு சுற்று கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன், அதற்குத் தனிச் சம்பளம் பேசினேன். குரைப்பு அடங்கியது. புகார் அடங்கவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னிடம் பேசவே இல்லை. வீட்டு உரிமையாளரிடம் பேசினார். உரிமையாளர் எனக்கு போன் செய்து, "உங்க அண்ணன் நம்பர் இருந்தா குடுங்கம்மா, நாங்க பேசிக்கிறோம்" என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. வாடகை என் கணக்கிலிருந்து போகிறது. ஒப்பந்தத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நாய் குரைத்தால் மட்டும் அண்ணன் வர வேண்டும்!

அதன் பிறகு வந்த கேள்விகளில் நாயே இல்லை. "ராத்திரி பத்து மணிக்கு எங்க போறீங்க?" "நீங்க இல்லாதப்ப நாயப் பாத்துக்க ஒரு பையன் வந்தானாமே?" "இந்தப் பாசத்த ஒரு குழந்தைகிட்ட காட்டலாம்ல?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பெண். கெட்டவர் இல்லை. தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு குழந்தைக்குக் கொடுத்தவர். பெண்ணின் அன்பு எந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், அதை எனக்கும் சொன்னார்.

அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு லாப்ரடார் இருக்கிறான். அவனும் குரைப்பான். ஆனால் அந்த வீட்டுக்காரர் சொந்த வீட்டில் இருப்பவர், ஆண், சங்கத்தின் கமிட்டியில் வேறு இருக்கிறார். அவனைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. மிளகைப் பார்த்து, "இது என்ன பிரீட்?" என்று கேட்பார்கள். "நாட்டு நாய்" என்றால் முகம் மாறும், "ஓ, தெரு நாயா?" நம் ஊர் நாய்க்கு ஆங்கிலத்தில் வழங்கிவரும் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? 'பரையா டாக்.' ஒரு சாதியின் பெயரை எடுத்து இழிவுச் சொல்லாக்கி, அதை நாய்க்கும் சூட்டிவைத்திருக்கிறார்கள். நாயைத் தள்ளிவைப்பதும் மனிதரைத் தள்ளிவைப்பதும் இந்த நாட்டில் ஒரே மொழியில்தான் நடந்திருக்கிறது. நாயையும் தொழுநோயாளியையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் ஒரே வரியில் தடுத்த ஓட்டல் பலகைகள் இங்கே தொங்கியிருக்கின்றன. எங்கள் லிஃப்ட் பலகை அவற்றின் பேத்தி.

நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். உயிரினங்களிடம் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் ஒரு சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. லிஃப்டை மறுக்கவோ, அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவோ கூடாது. கூடவே நாய் வளர்ப்பவர்களுக்கும் அவை புத்தி சொல்கின்றன: தடுப்பூசி போடு, கயிற்றில் பிடி, அசுத்தத்தை அள்ளு.

அந்தப் பாதியையும் நான் மறைக்க மாட்டேன். நாய்க்கடி பொய்யில்லை. ரேபிஸ் முற்றினால் பிழைப்பது அநேகமாக இல்லை. நாயைக் கண்டு நடுங்கும் குழந்தையோடு மூடிய லிஃப்டில் ஏறாமல், அடுத்த லிஃப்டுக்கு நிற்பது என் வேலை. நாய் வளர்ப்பவர்கள் இதைச் செய்யாதபோது கோபப்பட மற்றவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் என்னிடம் யாரும் தடுப்பூசிச் சீட்டைக் கேட்கவில்லை. அண்ணன் நம்பரைத்தான் கேட்டார்கள்.

1960 சட்டத்துக்கு அடிகோலியவர் ஒரு பெண். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் வாரியம் அமைந்தபோது அதன் தலைவரும் அவர்தான். இதைப் படித்து நான் பெருமைப்பட்டேன். பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தேவதாசிக் குடும்பப் பெண்களின் சதிராட்டத்தைச் 'சுத்தப்படுத்தி' மேல்சாதி மேடைக்கு ஏற்றினார், அந்தப் பெண்களோ மேடைக்கு வெளியே நின்றார்கள் என்ற விமர்சனமும் அவர் மேல்தான் இருக்கிறது. விலங்கின் வலியைக் கண்டுகொள்ளும் கண் பக்கத்தில் நிற்கும் பெண்ணைத் தவறவிடலாம். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

இரண்டாவது மாடிக்கே வருவோம். அந்த லாப்ரடாரை மகன் கேட்டான் என்று அப்பா வாங்கிவந்தார். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். நடைக்குக் கூட்டிப்போவது, சோறு பிசைவது, பால்கனி கழுவுவது, மருத்துவமனைக்குத் தூக்கிப்போவது யார்? அந்த வீட்டு அம்மா. அவருக்கு முடியாத நாளில் அங்கே வேலை செய்யும் பெண். 2019-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார். அதே வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். வளர்ப்புப் பிராணிகளைப் பராமரிப்பதையும் அந்தக் கணக்கெடுப்பு வீட்டு வேலையில்தான் சேர்க்கிறது. பாசம் அப்பாவுக்கு, பராமரிப்பு அம்மாவுக்கு. ஆகவே பெண்களே, வீட்டில் நாய் வாங்கலாமா என்று பேச்சு எழும்போது அதன் பெயரை முடிவு செய்வதற்கு முன் காலை ஐந்தரை மணி யாருடையது என்று முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும் நடுவே மிளகு எனக்கு ஒன்று கொடுத்திருக்கிறாள். இரவுத் தெரு. பத்து மணிக்கு ஒரு ஆண் தெருவில் சும்மா நிற்கலாம். பெண் நின்றால் காரணம் வேண்டும். கையில் நாயின் கயிறு இருந்தால் அதுவே காரணமாகிவிடுகிறது. டீக்கடைக்காரர் என்னை வெறிக்காமல் மிளகுக்கு ஒரு பொறை பிஸ்கட் நீட்டுகிறார். பொதுவெளியில் பெண்கள் எப்போதும் ஒரு நோக்கத்தைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று மும்பைப் பெண்களை ஆராய்ந்து எழுதப்பட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற ஆங்கில நூல் 2011-இலேயே சொன்னது. ஒரு பெண் தன் தெருவில் நடக்க ஒரு நாயின் மூத்திரம் சாக்காக வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, அவமானமும் இருக்கிறது.

இனி அந்தத் தவறுக்கு வருகிறேன். வழிகாட்டுதல்களை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்துச் சங்கத்துக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் இழுத்தார்கள். ஒரு நாள் பார்த்தால், பலகையில் 'நாய்கள்' என்ற சொல்லின் மேல் வெள்ளை பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஜெயித்துவிட்டேன். மாலையில் வேலைக்கு வந்த அக்காவிடம் சொன்னேன், "இனி மிளகு இந்தப் பக்க லிஃப்ட்லயே போகலாம்க்கா."

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நல்லதும்மா. மத்தியானம் அத நான்தான கூட்டினு போறேன்? அப்ப அது அந்த லிஃப்ட்ல, நான் இந்த லிஃப்ட்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "நீங்களும் அதுலயே போங்கக்கா, யார் கேக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றேன். அவர் குழாயை மூடினார். "நீ பாப்பம்மா. மூணாவது மாடி அம்மா பாத்துட்டு வேலைய வுட்டு நிறுத்திட்டா, அத யாரு பாப்பா? இந்த பில்டிங்ல எனக்கு நாலு வீடு இருக்கு."

என் துணிச்சலுக்கான விலையை அவர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாய்க்கு நீட்ட என் கையில் ஒரு வழிகாட்டுதல் இருந்தது. அக்காவுக்கு நீட்ட அப்படி ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-இல் நல வாரியம் வந்தது. அவர்களுடைய உரிமைகளுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது, இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எங்கள் பலகையோ சாதியின் பெயரைச் சொல்லாமல் 'வேலையாட்கள்' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறது. நம் குழந்தையைத் தூக்கும் கை, நம் சோற்றை வடிக்கும் கை, நம் நாயைக் கயிற்றில் பிடிக்கும் கை. லிஃப்டின் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அது அழுக்காகிவிடுகிறதா?

நாய் நேசர்களான நம் பேச்சில் கருணை என்ற சொல் அடிக்கடி வரும். கருணைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதனால் அது சுலபம். இந்தச் சண்டை கருணையைப் பற்றியதே இல்லை. இந்தக் கட்டடத்தில் யார் மனிதர், யார் சரக்கு என்று சிலர் தீர்மானிக்கிறார்களே, அந்த அதிகாரத்தைப் பற்றியது. வாடகைக்கு இருக்கும் எனக்குச் சங்கக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. அக்காவுக்குக் கூட்டம் நடக்கும் அறையைப் பெருக்கும் வேலை மட்டும் உண்டு. என்னிடம் அண்ணன் நம்பரைக் கேட்டதும் அக்காவைப் பின்பக்கம் அனுப்பியதும் ஒரே மேசைதான். நான் நாயை மட்டும் மீட்டுக்கொண்டு அந்த மேசையை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஏழு வீட்டுப் பெண்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் சங்கத்திடம் இருக்கிறது. லாப்ரடார் வீட்டு அம்மாவும் போட்டிருக்கிறார். பலகையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அக்காவின் பெயரையோ, வேறு எந்த வேலை செய்பவரின் பெயரையோ அதில் சேர்க்கவில்லை. யாருடைய வேலையும் இதனால் போகக்கூடாது என்பது அவர்கள் சொன்ன நிபந்தனை. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று இரண்டு கூட்டங்கள் போய்விட்டன.

உங்கள் கட்டடத்திலும் அந்தப் பலகை இருக்கும். இன்று கீழே இறங்கும்போது முழு வரியையும் படித்துப் பாருங்கள். எங்கள் பலகையில் வெள்ளை பெயிண்ட் காய்ந்து உரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் சொற்கள் நேற்று எழுதியதைப் போல இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.