காருக்குள்ள ஒரு ஸ்டுடியோ!

நியூயார்க்கில் கண்காட்சி, பாராட்டு, புகழ்பெற்ற போட்டோகிராஃபர் கணவர்... எல்லாம் இருந்தும் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் மனசு அங்கே ஒட்டலை. 1929-ல் நியூ மெக்ஸிகோ போனவர், அந்தப் பாலைவன மலைகளைப் பார்த்ததுமே ஃப்ளாட்! அங்கேயே டிரைவிங் கத்துக்கிட்டார். ஃபோர்டு காரின் முன் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின் சீட்டில் கேன்வாஸைச் சாய்த்து வரைவார். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயிலாச்சே, பாஸ்!

பல வருஷம் கோடைக்கு மட்டும் வந்து போனார். கணவர் 1946-ல் இறந்தார். 1949-ல் ஒரேயடியாக இங்கேயே குடியேறிவிட்டார்.

ஊரைவிட்டுப் போறதுன்னா ரெஸ்ட் எடுக்கன்னு நினைக்கிறோம். ஓ'கீஃப் போனது ஓவர்டைம் பார்க்க! வீட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் தட்டைத்தலை மலை, பெடர்னல். அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1936-ல் வரைந்த படத்தில் செம்மண் குன்றுகளுக்குப் பின்னால் நீலமாக நிற்கும் பாருங்க, அடடா! நிறைய தடவை வரைஞ்சா மலையைத் தனக்கே தந்துடறதா கடவுள் சொல்லியிருக்கார்னு ஜோக் வேற அடிப்பார்.

வயசான காலத்தில் பார்வை மங்கியது. யார் உதவியும் இல்லாமல் அவர் வரைந்த கடைசி ஆயில் பெயின்டிங் 1972-ல். அப்புறமும் கை சும்மா இருக்கலை. களிமண்ணில் பானை செய்தார். 1986-ல், 98 வயதில் இறந்தார். சாம்பலைத் தூவியது பெடர்னல் உச்சியில்.